வீடு மாறிய பிறகு சாமான்களைப் பிரித்து அடுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உறவினர், நண்பர், உடன் வேலை பார்ப்பவர் என்று பலர் வீடு மாறியபோது கூடவே நின்று சாமான் பிரித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே தவறு நடக்கிறது. கைக்கு முதலில் எட்டும் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் பரப்புகிறார்கள். அடுத்த பெட்டிக்குப் போகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் கால் வைக்க இடமில்லை, படுக்கையைப் பொருத்த வழியில்லை, தேடியது கிடைக்கவில்லை.

ஒரு பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் தயாராவதற்கு முன் அதன் பெட்டியைத் திறக்கக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தது.

1. வண்டியில் ஏற்றக் கூடாத பை

சாமான் கட்டும்போதே ஒரு பையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது வண்டியில் ஏறாமல் உங்கள் கையோடு வர வேண்டும். வண்டியில் முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். அவசரத்துக்கு வேண்டியது அடியில் சிக்கினால் அன்று முழுவதும் திண்டாட்டம்.

பையில் இருக்க வேண்டியவை: எல்லோருடைய மருந்துகள், முக்கிய ஆவணங்கள், சாவிகள், போன் சார்ஜர், டார்ச், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு பல்புகள், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், அளவு டேப், பேப்பர் கட்டர், மார்க்கர் பேனா, சோப்பு, துண்டு, கழிவறைக்கு வேண்டியவை, ஒரு மாற்று உடை, படுக்கை விரிப்பு. பல்பை எழுதியதற்குக் காரணம் உண்டு. முன்பு இருந்தவர்கள் பல்புகளைக் கழற்றிக்கொண்டு போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இருட்டில் குளியலறையைக் கழுவ முடியாது.

பெட்டிகளை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்றால், பெயரைப் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் மேல்மூடி மறைந்துவிடும். ‘சமையலறை’ என்று மட்டும் எழுதினால் பத்துப் பெட்டிக்கும் அதே பெயர்தான் இருக்கும். ‘சமையலறை, தினமும்’, ‘சமையலறை, எப்போதாவது’ என்று பிரித்து எழுதினால் பின்னால் எட்டுப் பெட்டிகளைக் கவலையில்லாமல் ஒதுக்கிவைக்கலாம்.

2. வீடு காலியாக இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

சாமான் வருவதற்கு முதல் நாள், முடியாவிட்டால் வண்டிக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பாவது, காலி வீட்டுக்குள் போய்விடுங்கள். இந்த நேரம் திரும்பக் கிடைக்காது. பீரோ நின்ற பிறகு அதன் பின்சுவரை யாரும் துடைப்பதில்லை.

முதலில் படம் எடுங்கள். வாடகை வீடாக இருந்தால் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் எடுத்து, கீறல், ஈரக்கறை, உடைந்த ஓடு, ஆடும் கைப்பிடி ஆகியவற்றை அருகில் போய்த் தனியாக எடுங்கள். மீட்டர் அளவுகளையும் எடுங்கள். அன்றே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும். காலி செய்யும் நாளில் முன்பணத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்தப் படங்கள்தான் துணை.

அடுத்து சுத்தம். மேலிருந்து கீழாக வாருங்கள்: மின்விசிறி, பரண், அலமாரித் தட்டுகள், ஜன்னல், கடைசியில் தரை. தரையை முதலில் துடைத்தால் மேலிருந்து விழும் தூசிக்காக இரண்டாம் முறை துடைக்க நேரும். அலமாரியின் உட்பக்கத்தைத் துடைத்து, கதவைத் திறந்தே காயவிடுங்கள். ஈரத்தில் துணியை அடுக்கினால் பூசண வாடை ஒட்டிக்கொள்ளும்.

பிறகு தண்ணீர். வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். குழாய் வெடிக்கும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு குழாயையும் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். குழாயில் தேங்கிக் கிடந்த நீரும் துருவும் வெளியேறட்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

வெந்நீர்த் தொட்டி இருந்தால், அது நிரம்பியிருக்கிறது என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து உறுதி செய்த பிறகே மின்சாரத்தைக் கொடுங்கள். நீரில்லாமல் சூடாகும் ஹீட்டர் சுருள் எரிந்துபோகும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் பழைய நீரை வெளியேற்றி, தொட்டியை 60 டிகிரி செல்சியஸ் வரை ஒரு முறை நன்றாகச் சூடேற்றுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். அந்த வெப்பத்தில் அது பிழைக்காது. குளிக்கும்போது குளிர்ந்த நீர் கலந்துகொள்ள மறக்காதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல மாதம் பூட்டியிருந்த ஒரு வீட்டில் நண்பர் குடியேறினார். குளியலறையைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். குழாய் உடைந்துவிட்டது, தரையைப் பெயர்க்க வேண்டியிருக்கும் என்று கலங்கிப்போனார். தரைத் துளையிலும் கை கழுவும் தொட்டியிலும் ஆளுக்கொரு வாளி நீர் ஊற்றினோம். ஜன்னலைத் திறந்துவைத்தோம். அரை மணி நேரத்தில் நாற்றம் அடங்கியது. கழிவுக் குழாயின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் நீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கும் மூடி. புழங்காத வீட்டில் அது ஆவியாகிவிடும். ஆகவே போன உடனே எல்லாத் துளைகளிலும் நீர் ஊற்றுங்கள்.

மின்சாரப் பெட்டியில் ஒவ்வொரு பிரேக்கரையும் இறக்கி, எந்த அறை அணைகிறது என்று பார்த்து, அதன் அருகே எழுதி ஒட்டுங்கள். இருவர் இருந்தால் பத்து நிமிட வேலை. மின்கசிவுத் தடுப்பு ஸ்விட்சில் ‘டெஸ்ட்’ பொத்தான் இருக்கும்; அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைக்காமல் பெரிய கருவிகளை இணைக்க வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதன் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

எரிவாயு இணைப்பின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, அங்கிருந்து போன் செய்யுங்கள்.

கடைசியாகப் பூட்டு. பழைய சாவியின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வழியில்லை. பல பூட்டுகளில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினாலே போதும்.

3. வண்டி வந்ததும்

குடும்பத்தில் ஒருவர் வாசலைவிட்டு நகரக் கூடாது. வரும் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் பார்த்து எந்த அறை என்று சொல்வதும் எண்ணிக்கையைக் குறிப்பதும் மட்டுமே அவர் வேலை. அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன ஐந்து நிமிடத்தில் இருபது பெட்டிகள் கூடத்தின் நடுவில் குவிந்துவிடும்.

ஒவ்வொரு அறையிலும் பெட்டிகள் ஒரே சுவரை ஒட்டி, எழுத்து வெளியே தெரியும்படி நிற்கட்டும். எந்தச் சுவரில் பெரிய சாமான் வரப்போவதில்லையோ அந்தச் சுவர். இதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி அறைக் கதவில் ஒட்டிவிட்டால் தூக்குபவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நசுங்கிய பெட்டி, கீறல் விழுந்த மேசை எதுவானாலும் அந்த ரசீதிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் சொல்லும் புகாருக்கு அவ்வளவு வலு இருக்காது.

4. பெரிய சாமான்கள் முதலில்

பெட்டிகளைத் தொடாதீர்கள். கட்டில், பீரோ, மேசை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவை அவற்றின் இடத்தில் நின்ற பிறகுதான் பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு இடம் பிறக்கும்.

ஃபிரிட்ஜை இடத்தில் வைத்த உடனே இயக்கக் கூடாது. சாய்த்தோ படுக்கவைத்தோ கொண்டுவந்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குளிரூட்டும் குழாய்களுக்குள் போய்விடும். அது திரும்பி இறங்குவதற்குள் ஓடவிட்டால் கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். எத்தனை மணி நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அத்தனை மணி நேரம் நிமிர்ந்து நிற்கட்டும். நீண்ட பயணம் என்றால் ஒரு நாள் முழுவதும். நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தாலும் சில மணி நேரம் பொறுங்கள். தயாரிப்பாளரின் கையேடு வேறு நேரம் சொன்னால் அதுவே சரி. இயக்கிய பிறகு உட்பக்கம் 4 டிகிரி செல்சியஸுக்கும், உறைபெட்டி மைனஸ் 18 டிகிரிக்கும் இறங்கும் வரை உணவை அடுக்க வேண்டாம்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினின் பின்புறத்தைப் பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமலிருக்க மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட்டுகள் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் குடியேறியவர் அதைக் கழற்றாமல் ஓடவிட்டார். துணியைப் பிழியும் கட்டம் வந்ததும் சுவர் அதிர்ந்தது. நான் போய்ப் பார்ப்பதற்குள் இயந்திரம் ஓர் அடி முன்னால் நகர்ந்து, தண்ணீர்க் குழாய் இழுபட்டு விறைத்து நின்றது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் குழாய் பிடுங்கிக்கொண்டிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றிப் பையில் போட்டு, அடுத்த முறை வீடு மாறும்போது தேவைப்படும் என்று எழுதிவையுங்கள். நான்கு கால்களும் தரையில் ஊன்றுகின்றனவா என்று மூலைகளை அழுத்திப் பாருங்கள். முதல் முறை துணியில்லாமல் ஓட்டி, மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று அருகிலேயே நின்று கவனியுங்கள்.

கட்டிலையும் அலமாரியையும் பொருத்தும்போது முதல் ஸ்க்ரூவையே இறுக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. எல்லா ஸ்க்ரூக்களையும் தளர்வாகப் போட்டு, சட்டம் நேராக நிற்கிறது என்று உறுதியான பிறகு மாறி மாறி இறுக்குங்கள். முன்னதாக இறுக்கினால் கடைசித் துளை ஒத்துவராது. மரத்தூள் பலகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று சிறிதாக இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய புரி அங்கேதான் தொடங்குகிறது; அங்கிருந்து முடுக்கினால் பலகை சிதையாது. புதுப் புரி வெட்டினால் இரண்டாம் முறையிலேயே பிடிப்பு போய்விடும்.

பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். நான்கு விரல் இடைவெளியாவது இருந்தால் காற்று புழங்கும். ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்காது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு பட்டை வைத்துக் கட்டுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படியாக ஏறும். பெட்டி முன்பக்கம் சாயும். சுவரில் துளை போடுவதைத் தள்ளிவையுங்கள் என்று பின்னால் சொல்லப்போகிறேன். இது ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

5. முதல் இரவுக்கு

மாலைக்குள் மூன்று வேலை முடிய வேண்டும்: ஒவ்வொருவருக்கும் விரித்த படுக்கை, புழங்கத் தயாரான குளியலறை, படுக்கையறை ஜன்னலுக்குத் திரை. திரைக்கம்பி இல்லாவிட்டால் ஒரு விரிப்பையாவது கட்டிவிடுங்கள். நன்றாகத் தூங்கியவர்கள் மறுநாள் செய்யும் வேலை, தூங்காதவர்கள் இரண்டு நாளில் செய்வதைவிட அதிகம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் எந்தப் பெட்டியையும் திறக்காதீர்கள். களைப்பில் கண்ணாடிச் சாமான் உடைகிறது, சிறு பொருள் குப்பையோடு போகிறது.

6. பெட்டியைத் திறக்கும் முறை

கட்டரின் கத்தியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே விட்டு டேப்பைக் கீறுங்கள். முழுக் கத்தியையும் நீட்டினால் மேலே இருக்கும் துணியோ புத்தகமோ கிழியும்.

ஒரு நேரத்தில் ஒரே பெட்டி. அது காலியாகி, மடித்துத் தட்டையான பிறகே அடுத்தது. மடித்த அட்டைகளை உடனுக்குடன் வெளியே கொண்டுபோங்கள். நாள்கணக்கில் உள்ளே கிடக்கும் அட்டையில் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் குடிபுகும். இருவர் இருந்தால் ஒருவர் பிரிக்கட்டும், ஒருவர் எடுத்துவைக்கட்டும். இருவருமே பிரித்தால் தரைதான் நிறையும்.

கண்ணாடி, பீங்கான் சாமான்களைப் பெட்டிக்கு மேலேயே பிடித்துக் காகிதத்தைப் பிரியுங்கள். கை நழுவினாலும் பொதிகாகிதத்தின் மேல் விழும். பிரித்த காகிதங்களை எல்லாம் ஒரே பெரிய பையில் சேர்த்து, எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையால் கசக்கிப் பாருங்கள். எங்கள் கட்டிலின் ஸ்க்ரூப் பொட்டலம் அப்படிக் காகிதத்தோடு போய்விட்டது. அதே அளவில் போல்ட்டு தேடிக் கண்டுபிடிக்கும்வரை மெத்தையைத் தரையில் போட்டுத்தான் படுத்தோம். அதற்குப் பிறகு நான் கசக்கிப் பார்க்காமல் ஒரு காகிதத்தையும் எறிந்ததில்லை.

உடைந்த பொருள் தென்பட்டால் எடுத்து ஒதுக்காதீர்கள். பெட்டிக்குள் இருந்த நிலையிலேயே, பொதிந்திருந்த விதமும் தெரியும்படி படம் எடுங்கள். இழப்பீடு கேட்கும்போது எப்படிப் பொதிந்திருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

குளிர்ந்த இடத்திலிருந்து சூடான வீட்டுக்குள் வந்த டிவி, கணினி போன்றவற்றைச் சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு இணைப்புக் கொடுங்கள். உள்ளே படியும் நீர்த்துளிகள் காய நேரம் வேண்டும்.

7. சமையலறை

இரண்டாம் நாள் காலை இங்கே தொடங்குங்கள். நாளுக்குப் பலமுறை புழங்கும் அறை. இது ஒழுங்கானால் வீடே பாதி ஒழுங்கானது போன்ற நிம்மதி வந்துவிடும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் சிறு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பு முன்னால் நின்று, சமைப்பது போலவே கையை நீட்டிப் பாருங்கள். கரண்டிக்கு எங்கே கை போகிறது? சூடான பாத்திரத்தை எங்கே இறக்குவீர்கள்? கழுவியதை எங்கே கவிழ்ப்பீர்கள்? அந்தந்த இடத்தில் பெயர் எழுதிய தாளை ஒட்டிவிட்டு, ஒரு சுற்று மனத்துக்குள்ளேயே சமைத்துப் பாருங்கள். தாளை இடம் மாற்றுவது எளிது. முப்பது பாத்திரங்களை இடம் மாற்றுவது எளிதல்ல. பழைய சமையலறையில் இருந்த அதே அடுக்கை இங்கே கொண்டுவர முயல்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் இடம் மாறிவிட்டால் பழைய அடுக்குக்குப் பொருளில்லை.

தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையே இருக்கட்டும். கனமானவை கீழே, தலைக்கு மேலிருந்து கனத்தை இறக்கும்போதுதான் கை தவறும். சுத்தம் செய்யும் மருந்துகள் உணவுப் பொருள்களோடு ஒரே அலமாரியில் வேண்டாம், குழந்தைக்கு எட்டும் உயரத்திலும் வேண்டாம். ஓர் இழுப்பறையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். என்ன மறந்தோம் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

‘எப்போதாவது’ என்று எழுதிய பெட்டிகள் இப்போது வேண்டாம்.

8. துணியும் புத்தகமும்

துணி விரைவாக முடியும் வேலை. அலமாரி உலர்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்.

புத்தகத்தைக் கடைசிக்கு விடுங்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிடுவோம் என்பது ஒரு காரணம். கனம் இன்னொரு காரணம்: அலமாரியின் இடம் உறுதியாகும் முன் நிரப்பிவிட்டால் நகர்த்துவதற்கு மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பெரிய புத்தகங்கள் அடித்தட்டில் இருந்தால் அலமாரி நிலையாக நிற்கும்.

9. இரண்டு வாரம் பொறுக்க வேண்டியவை

சுவரில் துளை போடுவது, புதிய அலமாரி வாங்குவது, திரைச்சீலைக்கு அளவு கொடுப்பது ஆகியவற்றை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். காலை வெயில் எந்த அறையில் விழுகிறது, மாலையில் டிவித் திரையில் கண் கூசுகிறதா, செருப்பு எங்கே கழற்றப்படுகிறது, சாவியை எங்கே வீசுகிறோம் என்பதெல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். குவியல் தானாகச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கேதான் ஒரு கொக்கியோ தட்டோ தேவைப்படுகிறது.

துளை போடும் நாள் வந்ததும், ஸ்விட்சுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்காதீர்கள். ஒயர்கள் வழக்கமாக அந்தக் கோடுகளில்தான் ஓடும். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் அப்படியே.

10. குழந்தை, பூனை, செடி

குழந்தையின் அறையை அல்லது மூலையை முதல் நாளே முடித்துவிடுங்கள். பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள். பழகிய வாசனை தூக்கத்துக்கு உதவும். பொம்மைப் பெட்டியைக் குழந்தையே திறக்கட்டும். இடம் தேர்ந்தெடுத்ததும் அந்த அறை அதனுடையதாகிவிடும்.

பூனையை முதல் சில நாள் ஒரே அறையில், அதன் படுக்கை, உணவுத் தட்டு, மண்தட்டோடு வையுங்கள். முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் மிரண்டு ஒளிந்துகொள்ளும். வெளியே விட்டு வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும்.

செடிகள் புதிய வெளிச்சத்தில் இலை உதிர்க்கும், ஃபைக்கஸ் வகை குறிப்பாக. பதறி உரமிடவோ தொட்டி மாற்றவோ வேண்டாம். ஒரே இடத்தில் விட்டு, அளவாக நீரூற்றி, புதுத் துளிருக்குக் காத்திருங்கள்.

11. முகவரி மாற்றம்

நினைவிலிருந்து பட்டியல் போட்டால் பாதி விடுபடும். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கறிக்கையையும் வந்த கடிதங்களையும் எடுத்து, பெயர் தென்படும் ஒவ்வொரு நிறுவனத்தையும் குறியுங்கள். வங்கி, காப்பீடு, வேலையிடம், வரி, வாகனப் பதிவு, பள்ளி, மருத்துவர் எல்லாம் அதில் வந்துவிடும். உங்கள் ஊரில் எது முகவரிச் சான்றாக ஏற்கப்படுமோ அதை முதலில் மாற்றுங்கள். மற்றவர்கள் அதைத்தான் கேட்பார்கள். வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு இருந்தால் தாமதிக்காமல் தெரிவியுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பது பழைய முகவரி.

12. மிஞ்சிய பெட்டிகள்

ஒரு மாதம் கழித்தும் எல்லா வீட்டிலும் ஐந்தாறு பெட்டிகள் மிஞ்சும். அவற்றின் மேல் அன்றைய தேதியை எழுதி ஒரே இடத்தில் அடுக்குங்கள். படுக்கையறை மூலையில் வைக்காதீர்கள்; அங்கே அது மறைந்து மேசையாக மாறிவிடும். நடக்கும் வழியில், தினமும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

ஆறு மாதம் தொடாத பெட்டியைத் திறந்து, ஆவணமும் புகைப்படமும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை வேண்டுபவருக்குக் கொடுத்துவிடலாம். திறக்காமலேயே கொடுத்துவிடாதீர்கள். உறவினர் ஒருவர் ‘பழைய ஒயர்கள்’ என்று எழுதியிருந்த பெட்டியைக் கொடுக்க எடுத்தபோது, என் வற்புறுத்தலுக்காகத் திறந்தார். ஒயர்களுக்கு அடியில் வீட்டுப் பத்திரம் இருந்தது.